வீட்டு ஹெட்போன்

"ஏன் பாப்பா, இது வீட்ல உக்காந்து கேக்குறதுல்ல? பஸ்ஸுல மாட்டிக்கிட்டு வாறியே?"

பிரீத்திகா ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கித் திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த பெரியவர்தான் கேட்டார். சிவகாசியில் பஸ் ஏறியதும் உட்கார இடமில்லாமல் நின்றவர். அவர் போட்டிருந்த கறுப்புக் கண்ணாடியைப் பார்த்து அவள்தான் நகர்ந்து இடம் கொடுத்திருந்தாள்.

"வெளிய கேக்குதாய்யா? சத்தத்தக் குறைக்கட்டா?"

"குறைச்சாலும் கேக்கத்தான் செய்யும். ரெண்டு பக்கமும் மூடியில்லாம சல்லடையால்ல இருக்கு. நம்ம பாட்டு ஊருக்குக் கேக்கும், ஊருச் சத்தம் நமக்குக் கேக்கும்."

பிரீத்திகாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டர் டிசைன் செய்கிறாள். தினமும் விருதுநகரிலிருந்து போய் வருகிறாள். ஒரு மாதமாக இந்த ஹெட்போனைப் பார்த்தவர்கள் கேட்டதெல்லாம் வேறு மாதிரி. கண்டக்டர் ஹெல்மெட்டா என்றே கேட்டார்.

"வீட்ல கேக்க முடியலைய்யா. ரெண்டே ரூமு. ஒண்ணுல அம்மா சீரியல் பாப்பாக, இன்னொண்ணுல தம்பி கேம் விளையாடுவான். போதாததுக்குப் பின்னாடியே மிளகாய் மில்லு. இந்த பஸ்ஸுலதான் முக்கா மணி நேரம் எனக்குன்னு கிடைக்கு."

"பஸ்ஸு இம்புட்டு இரையுதே?"

"இரைஞ்சா இரையட்டும்யா. யாரும் பேரச் சொல்லிக் கூப்பிடாம இருந்தாப் போதும்."

பெரியவர் சிரித்துவிட்டார். அவள் மடியில் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. போனிலிருந்து ஒரு வயர் அதற்குள் போனது, அதிலிருந்து தடித்த வயர் ஒன்று ஹெட்போனுக்கு வந்தது. அந்த ஆம்ப்ளிஃபையர் இல்லாவிட்டால் பாட்டு முனகும். இத்தனையும் தூக்கிக்கொண்டு அலைவதைப் பார்த்து வீட்டில் எல்லோரும் கேலி செய்கிறார்கள்.

"நான் ஒரு தடவ கேக்கட்டா பாப்பா?"

அவள் தயங்கினாள். ஒரு வருடமாகச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியது. தம்பி தொட்டாலே சண்டைக்குப் போவாள். ஆனாலும் அவர் கேட்ட விதத்தில் மறுக்க முடியவில்லை. நீட்டினாள். மேல் பட்டையைப் பிடித்து இழுக்காமல், இரண்டு பக்கமும் அடியில் தாங்கி வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார்.

திருத்தங்கல் தாண்டியது. ஆமத்தூரும் வந்துவிட்டது. அவர் கழற்றவில்லை. எப்படிக் கேட்டு வாங்குவது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது அவராகவே ஒரு பக்கத்தை விலக்கினார்.

"புல்லாங்குழல்காரரு மூச்ச இழுக்குறது கேக்குது."

"அதுக்காகத்தான்யா இத வாங்கினேன்!" என்றாள் அவள், பஸ்ஸில் இருப்பதையே மறந்து.

பெரியவர் ஹெட்போனைக் கழற்றினார். கறுப்புக் கண்ணாடியையும் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஆபரேஷன் பண்ண கண்ணு. தண்ணியா வடியும். ரெண்டு மாசமா சிவகாசியில மக வீட்ல கெடந்துட்டு இப்பத்தான் ஊருக்குப் போறேன்." பிறகு சாதாரணமாகக் கேட்டார், "இத எங்கன வாங்குன?"

"கடையில வாங்குனா நமக்குக் கட்டுபடியாகுமா? போன்ல விளம்பரம் பாத்துப் போனேன்யா. நவநீதகிருஷ்ணன்னு ஒரு அண்ணன். அவுக அப்பா வச்சிருந்ததாம். அப்பா தவறிட்டாராம். இதப் பாக்குறப்பல்லாம் மனசு தாங்கலன்னு சொல்லி அந்த அண்ணனுக்குக் கண்ணே கலங்கிருச்சு. எனக்குப் பேரம் பேச வாய் வரல. சொன்ன விலையக் குடுத்துட்டு வந்துட்டேன்."

பெரியவர் கறுப்புக் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"எப்பிடிப் போனாராம்?"

"மாரடைப்பாம். தூக்கத்துலயே முடிஞ்சிருச்சாம்."

"கஷ்டப்படலையே?"

"இல்லையாம்."

"அந்த மட்டுக்கும் நல்ல சாவுதான்" என்றார் பெரியவர்.

அவள் வயரைச் சுருட்டினாள். விருதுநகர் நெருங்கிவிட்டது.

"இதுல கேக்குறப்பல்லாம் அந்தப் பெரியவர நெனச்சுக்குவேன்யா. மொகங்கூடத் தெரியாது. ஆனா இப்பிடி ஒண்ணத் தேடி வாங்கியிருக்காருன்னா, நல்ல காது இருந்திருக்கணும்ல?"

அவர் ஹெட்போனை அவள் கையில் கொடுத்து, "பத்திரமா வச்சுக்க. நல்லாக் கேளு" என்று மட்டும் சொன்னார்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அவர் பையைத் தூக்க முடியாமல் திணறினார். பிரீத்திகா வாங்கிக்கொண்டாள். அவர் வரிசையாக நின்ற பஸ்களைப் பார்த்துக்கொண்டே நடந்து, கடைசியில் ஒன்றின் முன்னால் நின்றார். அதன் பலகையில் மல்லாங்கிணறு என்று எழுதியிருந்தது.

"அட, நானும் மல்லாங்கிணறுல போயித்தான்யா இத வாங்கினேன். நவநீதகிருஷ்ணன் அண்ணன உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். அந்த வீட்டுக்குத்தான் போறேன்."

அவள் முகம் வாடியது. பையை அவரிடம் நீட்டினாள். "ஊர்ல இல்லாததால அவுக அப்பா தவறுன தாக்கல் உங்களுக்கு அப்பவே தெரியாமப் போச்சு போல. துக்கம் விசாரிக்கவாய்யா போறீக?"

பெரியவர் பையை வாங்கிக்கொண்டு படியில் ஒரு காலை வைத்தார்.

"இல்ல பாப்பா. செத்தவனே நாந்தான்."