பேலன்ஸ் குமிழ் வேணும்

“இதுல பேலன்ஸ் குமிழ் எங்க?” மூன்றாவது தடவையாகக் கேட்டாள் கனகலட்சுமி.

பகலவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படப்பையில் பதினைந்து வருஷமாக ஆம்ப்ளிஃபயர் விற்கிறவன். மண்டபத்துக்கு வாங்குகிறவர்கள் சத்தம் கேட்பார்கள். கம்பெனி ஷிப்டுக்குப் போகிற பையன்கள் பேஸ் கேட்பார்கள். குமிழைக் கேட்டு யாரும் அவன் உயிரை எடுத்ததில்லை.

“மேடம், அது பழைய ஐட்டம். இடது ஸ்பீக்கரைக் கூட்டு, வலதைக் குறைன்னு திருகிக்கினே இருப்பாங்க. இப்ப வர்ற நல்ல செட்ல எல்லாம் எடுத்துட்டான். பாடினது பாடின மாதிரியே வரும். காது இருக்கிறவங்களுக்கு அந்தக் குமிழே தேவையில்ல.”

“அப்படிச் சொல்லும்!” என்றார் அவள் புருஷன் தளவாய். ஓரகடம் கம்பெனியில், இரும்புத் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் சூபர்வைசர். “ஓடுத மெஷின்ல டை அச்சு லேசா விரிசல் விட்டாலும் பார்க்காமலே சத்தத்த வச்சுச் சொல்லிருவேன். லைன்ல யார வேணும்னாலும் கேளும். இந்தக் காதுக்குக் குமிழா?”

கனகலட்சுமி அவரைச் சுற்றிக்கொண்டு வந்து வலது பக்கம் நின்றாள். காவலுக்கு நிற்கிற மாதிரி.

“பெருமை போதும். பத்துக்கு எட்டு ரூமு. மக ஹாஸ்டலுக்குப் போனதால காலியாச்சு. அதுல ஒரு நாற்காலி, ரெண்டு ஸ்பீக்கர். அதுக்கு எது சரியா வரும்னு போட்டுக் காட்டுங்க. கரண்ட் போறதுக்குள்ள.”

பகலவன் முதலில் வெள்ளி நிறத்துப் புது செட்டில் போட்டான். வலது பக்கம் வயலின், இடது பக்கம் மிருதங்கம். ஐந்து நிமிஷத்தில் அவனே சொக்கிப்போனான்.

“வயலின் என்னமா இழையுது!” என்றார் தளவாய், கண்ணை மூடியபடி.

“மிருதங்கம்?” என்றாள் கனகலட்சுமி.

தளவாய் கண்ணைத் திறந்து பகலவனைப் பார்த்தார். அவன் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

“அதுவும் பிரமாதம்” என்று அவரும் தலையாட்டினார்.

“அப்ப இது வேண்டாம்.” மூலையில் தூசி படிந்து கிடந்த கறுப்பு செட்டைக் காட்டினாள். “அதுல குமிழ் இருக்கு. அதையே பேக் பண்ணுங்க.”

“மேடம், அது அஞ்சு வருஷத்துக்கு முந்தின மாடல்...”

“ஓடுமா, ஓடாதா?”

“ஓடும்...”

“பின்ன என்ன?”

தளவாயின் முகம் சுருங்கிவிட்டது. “கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துல எனக்குன்னு கேட்டது இது ஒண்ணுதான், கனகு.”

“கேட்டீங்க, வாங்கியாச்சு. கிளம்புங்க.”

பாவம் மனுஷன் என்று நினைத்துக்கொண்டான் பகலவன். ராகமும் தாளமும் தெரிந்த ஆளுக்கு இப்படி ஒரு ராட்சசி.

செட்டை மாட்டிக்கொடுக்க வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தாள். தளவாய் ஷிப்டு முடிந்து வர மூன்றரை ஆகும். அவர் வீட்டில் இல்லாதபோது எதற்கு மாட்டுவது? கேட்கிற தைரியம் பகலவனுக்கு இல்லை.

ஒயரைப் பொருத்திப் பாட்டைப் போட்டான். அவள் வந்தாள். பேலன்ஸ் குமிழைப் பிடித்து இடது பக்கம் நன்றாகத் திருகினாள். வயலின் சுருண்டு படுத்துக்கொண்டது. மிருதங்கம் மட்டும் இடிஇடியென்று இடித்தது.

“ஐயோ மேடம், கெடுத்துட்டீங்களே!” பகலவன் குமிழை நடுவுக்குத் திருப்பினான்.

பட்டென்று கையில் ஒரு அடி விழுந்தது.

“நான் வச்ச இடத்துல இருக்கட்டும்.” குமிழை மறுபடி இடது பக்கம் திருகினாள்.

“வயலினே கேக்கலியே மேடம்! சாருக்கு இன்னா புடிக்கும்னு ஒரு நிமிஷமாவது யோசிச்சீங்களா?”

கனகலட்சுமி வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்தாள்.

“அவருக்கு இடது காது பாதிக்கு மேல போயாச்சு, பகலவன். இருபது வருஷ பிரஸ் சத்தம். கம்பெனியில காது டெஸ்டு வைப்பாங்க, பீப் கேட்டா பட்டனை அமுக்கணும். நர்ஸ் கையைப் பார்த்தே அமுக்கிப் பாஸாயிடறார். லைன்ல காதை வச்சே பேர் வாங்கின மனுஷன். வெளிய தெரிஞ்சா ஸ்டோர்ல உட்கார வச்சுடுவாங்களோன்னு பயம். ரிட்டையர் ஆக இன்னும் எட்டு மாசம். எனக்குக்கூடத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டிருக்கார்.”

அன்றைக்குக் கடையில் மிருதங்கம் கேட்காத மனுஷன் தன் முகத்தைப் பார்த்துத் தலையாட்டியதைப் பகலவன் நினைத்துக்கொண்டான். பதினைந்து வருஷ அனுபவம் என்று மனசுக்குள் பீற்றிக்கொண்டதையும்.

“குமிழ் கோணலா இருந்தா கண்டுபிடிச்சிடுவாரே மேடம்.”

“அதுக்குத்தானே உங்களை முன்னாடியே வரச் சொன்னேன்!”

பகலவன் ஸ்குருடிரைவரை எடுத்தான். குமிழை நெம்பிக் கழற்றினான். உள்ளே இருக்கிற தண்டு அவள் திருகிய இடத்திலேயே நிற்க, குமிழை மட்டும் கோடு நடுவில் வருகிற மாதிரி திரும்ப மாட்டினான். இனி வெளியே பார்த்தால் நடு, உள்ளே இடது.

மூன்றரைக்குத் தளவாய் வந்தார். டிபன் டப்பாவை வைத்ததும் நேராக நாற்காலியில் உட்கார்ந்தார். பாட்டு தொடங்கியது. ரெண்டு நிமிஷத்தில் விரல்கள் தொடையில் தாளம் போட ஆரம்பித்தன.

“கனகு! மிருதங்கம் வாசிக்கவன் யாருடீ? கொன்னுட்டாம்லா!”

எழுந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு குமிழைக் குனிந்து பார்த்தார். கோடு நட்டநடுவில் நின்றது.

“பாத்தியா, நடுவுலயேதான் கெடக்கு. தொடக்கூட வேண்டியதில்ல. அன்னைக்கே சொன்னாருல்லா, காது இருக்கவனுக்கு இது எதுக்குன்னு? என்ன பகலவன்?”

பகலவன் பையை மூடுவதில் மும்முரமாக இருந்தான். “கரெக்ட் சார்.”

“சரி சரி, எனக்குத்தான் காது போதாது” என்ற கனகலட்சுமி, நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வந்து அவருடைய வலது பக்கம் நின்றாள். “காபி வேணுமா?”