அரைக்கட்டை
சபைப் போதகர் தேவசித்தம் ஐயர் அந்தக் கீர்த்தனைக்கு மெட்டுப் போட்டது, காலமாகிவிட்ட மூத்த சம்சாரம் ஞானசெல்வத்தின் குரலுக்கு அளவெடுத்து. மூன்றாம் வரியின் உச்சி வந்ததும் சபையே வாயை மூடிக்கொள்ளும். அந்த இடத்தில் ஐயர் ஆர்மோனியத்தை மட்டும் வாசித்துக் கண்ணை மூடுவார். இளையவள் எப்சிபாவுக்கு வயிறு பற்றி எரியும்.

"கொஞ்சம் சுருதியை இறக்குங்களேன். எவளாலயும் எட்ட முடியலையே."

"அது அங்கேயே இருக்கட்டும்."

ஐயர் சபையார் வீடுகளுக்கு ஜெபிக்கப் போன சாயங்காலமெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு பாடிப் பழகினாள். மூன்று மாதம். ஈஸ்டர் ஆராதனையில், சபை அடங்கிய இடத்தில், அவள் குரல் மட்டும் பிசிறில்லாமல் உச்சியைத் தொட்டது. ஐயர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையை வாரமெல்லாம் பொத்திவைத்திருந்தாள்.

அடுத்த ஞாயிறும் அதே கீர்த்தனை. ஐயர் ஆர்மோனியத்தில் சுருதி பிடித்தார், அரைக்கட்டை ஏற்றி.