குழியோரம் நிற்கிறவர்

“சட்டையைப் பாருங்க சார்,” என்றார் ஒகுடா.

இடுப்பிலிருந்து காலர் வரை சேறு. போலீஸ் சாவடியில் இருந்த காவலர் நாகுமோ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. படிவத்தை மட்டும் எடுத்து வைத்தார். இந்த மழைக்காலத்தில் ஒகுடா கொடுக்கிற பதினோராவது புகார் இது.

ரயிலில் விட்ட குடைக்காக எழுதிக் கொடுக்கப் போனவன் நான். ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

ஜப்பானில் நடந்து போகிறவர் மேல் வண்டிக்காரர் சேறு அடித்தால் அபராதம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். தக்காவோக்காவில் குடியிருக்கிற நாங்களே அப்படி ஒரு சட்டம் இருப்பதை மறந்துவிட்டிருந்தோம். ஒகுடாதான் ஞாபகப்படுத்தினார்.

மழை பெய்தால் போதும். காலை ஏழரை மணிக்கு வெள்ளைச் சட்டையும் குடையுமாகப் பள்ளிக்கூடத் திருப்பத்துக்கு வந்து, தண்ணீர் தேங்கும் குழியோரம் நிற்பார். மழைக்கோட்டு போடமாட்டார். சேறு அடித்த வண்டியின் எண்ணைக் குறித்துக்கொண்டு நேரே சாவடிக்கு வருவார். வேலை வெட்டி இல்லாத மனுஷன், அடுத்தவனை மாட்டிவிடுவதில் அப்படி ஒரு சுகம் என்று ஊரே பேசியது. நானும்தான் பேசியிருக்கிறேன்.

நாகுமோ வண்டி எண்ணை வைத்துப் போன் செய்ததும், அரை மணி நேரத்தில் கடைகளுக்கு டோஃபு என்கிற சோயாக் கட்டி ஏற்றிப்போகும் வண்டிக்காரர் குசகாபே ஓடி வந்தார். வரும் வழியில் வாங்கிய இனிப்புப் பெட்டியை இரண்டு கையாலும் நீட்டி, இடுப்பு மடியக் குனிந்தார்.

“தப்புதாங்க, மன்னிச்சிடுங்க. சட்டையை நானே சலவைக்குப் போட்டு வாங்கித் தர்றேன்.”

“மன்னிச்சாச்சு. புகார் அப்படியே இருக்கட்டும்.” ஒகுடா பெட்டியைத் தொடவில்லை.

“இன்னொரு புகார் வந்தா வண்டிச் சாவியை வெச்சுட்டுப் போயிடுன்னு முதலாளி சொல்லியிருக்காருங்க. என் வேலை போயிடும்.”

“வேலைதானே.”

குசகாபே நிமிர்ந்தார். காது சிவந்துவிட்டது.

“ஏன் சொல்ல மாட்டீங்க? எட்டரைக்குள்ள பதினாலு கடைக்குச் சரக்கு போய்ச் சேரணும். அஞ்சு நிமிஷம் பிந்தினா வசவு. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும். வண்டி ஓட்டிப் பொழைக்கிறவன் பாடு உங்களுக்கு என்னங்க தெரியும்?”



நாகுமோ பேனாவைக் கீழே வைத்தார். “ஐயா, இந்த ஒரு தடவை விட்டுடலாமே.”

“இந்தத் திருப்பத்துல வேகமாப் போறாங்கன்னு நானும் எத்தனையோ தடவை எழுதிக் கொடுத்தேன் சார். எவ்வளவு வேகம், யாரு அளந்தாங்கன்னு கேட்டாங்க. சேத்துக்கு அப்படிக் கேக்க முடியாது. சட்டையே சாட்சி. இப்போ மழை நாள்ல பாதி வண்டி பிரேக் போட்டுத்தான் திரும்புது. அந்த நேரத்துலதான் பிள்ளைங்க ரோட்டைக் கடக்குதுங்க. மீதி வண்டியும் பிரேக் போடணும்.”

எனக்கு வெட்கமாக இருந்தது.

“உங்க முதலாளிகிட்ட நான் வர்றேங்க,” என்றார் ஒகுடா குசகாபேயிடம். “தலை தரையில படக் குனிஞ்சு கேக்குறேன், இவரை வேலையை விட்டு அனுப்பாதீங்கன்னு. ஆனா புகாரை மட்டும் வாபஸ் வாங்க மாட்டேன்.”

குசகாபேயின் கோபம் இறங்கிவிட்டது. இனிப்புப் பெட்டியை மேஜை மேல் வைத்துவிட்டு, ஒகுடாவின் சட்டையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“நாலு வருஷத்துக்கு முந்தி, இதே மாதிரி ஒரு மழை நாள்ல, அந்தத் திருப்பத்துல பள்ளிக்கூடத்துப் பொண்ணு ஒண்ணு வண்டியில அடிபட்டு இறந்துபோச்சே. அது உங்க மகளுங்களா?”

“இல்லீங்க,” என்றார் ஒகுடா. “அவ பேரே எனக்குக் கோர்ட்டுலதான் தெரிஞ்சுது. அந்த வண்டியை ஓட்டினவன் நான்.”