இரண்டு காதுகளுக்கு நடுவே

“அறுபத்தஞ்சு வயசுக்கு மேல தனியா வாழப் போறேங்கறது வெறும் வீம்பும்மா—”

“வீம்பா? மூச்சு விடணும்னு சொல்லுங்க அந்த நேயர்கிட்ட.”

“இங்க என்ன குறைன்னு கேளுங்க அந்த நேயர!”

நேயர்கள் தங்களுக்குள் நேரடியாகப் பேசக்கூடாது, எதுவானாலும் தொகுப்பாளரிடம்தான் சொல்ல வேண்டும் என்பது அந்தக் காலை நேர வானொலி விவாதத்தின் விதி. யாழினி நடுவில் இருந்து சொற்களை வாங்கிக் கைமாற்றிக்கொண்டிருந்தாள். ஹெட்ஃபோனின் இடது காதில் வீம்பு என்ற பெரியவர், வலது காதில் மூச்சு விடணும் என்ற அம்மாள்.

அப்போது இரண்டு காதுகளிலும் ஒரே சுவர்க்கடிகாரம் பத்து அடித்தது. யாழினி கண்களை மூடிக்கொண்டாள். யாரோ ஒருவர் வீட்டுக் கூடத்தில் தான் நிற்பது போலிருந்தது. காலடியில் குளிர்ந்த தரை. இருபுறமும் சாத்திய கதவுகள், அவற்றின் கீழே கோடாக வெளிச்சம்.

“குறையை அவர் வாயத் தொறந்து என்கிட்டயே கேட்டிருக்கலாமே, ஆறு வருஷமா? நாளைக்கு பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாச்சு. அதையும் சொல்லிடுங்க.”

யாழினி சொல்லவில்லை. இடது காதில் நீளமாக ஒரு மூச்சு கேட்டது. பிறகு அவர் விதியை மீறினார்.

“செண்பகம், நீ போயிட்டா நான் எந்த ரூமப் பாத்துக் கோவிச்சுக்கிட்டு உக்காருவேன்?”