அஸ்தினாபுரத்து மாடிப் போர்ஷன்

வேற்றுமைகளை மதித்தல் என்னும் பாடத்தைப் பேராசிரியர் ஏகநாதன் நடத்தினால், சமூகப்பணி மாணவர்கள் கண் கலங்குவார்கள். அன்று கலங்கியவள் ஃபரா.

"அஸ்தினாபுரத்துல ஒரு மாடிப் போர்ஷன் சார். என் பேரைக் கேட்டதும் இல்லைன்னுட்டாங்க. மாசக் கடைசிக்குள்ள நானும் அம்மாவும் இப்ப இருக்கிற வீட்டைக் காலி பண்ணணும்."

ஏகநாதனுக்கு முகம் சிவந்தது. "இப்பவே கூப்பிடும்மா. ஸ்பீக்கர்ல போடு. நான் பேசுறேன்."

"வேணாம் சார்."

"நீயே பயந்தா, நாளைக்கு ஊருக்கு எப்படி நியாயம் கேப்ப? போடு!"

அவள் தயங்கித் தயங்கி எண்ணை அழுத்தினாள்.

"மறுபடியும் நீயாம்மா?" என்றது ஒரு பெண் குரல். "உங்க ஆளுங்களுக்கு வேணாம்னு எங்க வீட்டுக்காரர் கண்டிப்பாச் சொல்லிட்டாரு. அவர் பேச்சை நான் மீற முடியுமா?"

இணைப்பு துண்டிக்கப்பட்டது. பேச வாயெடுத்த ஏகநாதன், தம் மனைவி சுபத்ராவின் குரலைக் கேட்டுச் சிலையாகி நின்றார்.

"அந்தாளைச் சும்மா வுடக் கூடாது சார்!" என்று எழுந்தான் விக்கி. "பேரு இன்னா ஃபரா?"

வீடு பார்க்கப் போனபோதே வாசற்பலகையில் அந்தப் பெயரைப் படித்திருந்த ஃபரா, தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"தெரியாதுடா."