மலை ரயிலை ஓட்டுகிறவர்கள்

மலையேறும் அந்தப் பழைய நீராவி ரயில் பாதி வழியில் தண்ணீர் பிடிக்க நிற்கும். அங்கே தொட்டியின் மேல் உட்கார்ந்திருக்கும் குரங்குக்கு ஒரு விஷயத்தில் சந்தேகமே கிடையாது. தான் கையைத் தூக்குவதால்தான் ரயில் நிற்கிறது. ஆகவே சுற்றுலா வந்தவர்கள் வீசும் வேர்க்கடலை முழுக்கத் தனக்குத்தான்.

"டேய், நிறுத்துறது ஒரு வேலையா?" என்றது பக்கத்துக் கம்பத்தில் உட்கார்ந்திருந்த காக்கை. "நான் கத்தினாத்தான் வண்டியே கிளம்புது. ஓட்டுறவன் நான். கடலை எனக்கு!"

வாய்ச்சண்டை முற்றியது.

"நாளைக்கு நான் கையத் தூக்கப்போறதில்ல. வண்டி நிக்காமப் போகட்டும், அப்பத் தெரியும் என் அருமை!" என்றது குரங்கு.

"நானும் வாயத் தொறக்கமாட்டேன். வண்டி இங்கேயே கிடந்து துருப்பிடிக்கட்டும்!" என்றது காக்கை.

மறுநாள் ரயில் வந்தது. குரங்கு கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டது. ரயில் நின்று, வயிறு முட்டத் தண்ணீர் குடித்தது. காக்கை அலகை இறுக மூடிக்கொண்டது. ரயில் உற்சாகமாக ஊதிவிட்டுக் கிளம்பிப் போயிற்று.

குரங்கின் முகம் தொங்கிப்போனது. காக்கையை ஓரக்கண்ணால் பார்த்தது. காக்கை மும்முரமாக இறக்கையைக் கோதிக்கொண்டிருந்தது. சட்டென்று குரங்குக்கு முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா அண்ணே, நாம எவ்வளவு நல்லாப் பழக்கியிருக்கோம்! இப்பல்லாம் சொல்லாமலே செய்யுது."

"அதானே தம்பி! இனிமே நாம மேற்பார்வை பாத்தாப் போதும்."

தண்டவாளத்தில் கடலையைத் தின்றுகொண்டிருந்த அணில், வாய் நிறைந்திருந்ததால், ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டியது.