பயனுக்கு மூன்று மதிப்பெண்

இருபத்தொரு நாள், தினமும் ஒரு மணி நேரம். எப்சிபா அக்கா எழுதிய ஜெபப் பயிற்சிப் புத்தகம் அவ்வளவு கேட்டது. எங்கள் சபையின் புத்தகக் குழுவில் ஒரு விதி உண்டு: ஜெபத்தைப் பற்றிய கைப்பிரதிக்கு மதிப்பெண் போடுகிறவர் முதலில் அதன்படி ஜெபித்துப் பார்க்க வேண்டும். நான் பத்துக்கு, மொழிக்கு எட்டு, பயனுக்கு மூன்று என்று போட்டு, ‘செய்து பார்த்தேன்’ என்ற இடத்தில் கையெழுத்திட்டிருந்தேன். அந்த மதிப்பெண்ணோடு கைப்பிரதி அக்காவிடமே திரும்பிப் போனது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அக்கா அதை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“சயின்ஸ் படிச்ச பிள்ளை, அரை மார்க்குகூட இரக்கம் பாக்கல,” என்று சிரித்தார். “கோபமில்லம்மா. எந்த நாள்ல உனக்கு முடியாமப் போச்சு? அதை எடுத்துடறேன்.”

“ஒன்பதாம் நாள்,” என்றேன். வாய்க்கு வந்த எண்.

அக்கா அந்தப் பக்கத்தைத் திருப்பினார். “இதை எழுதத்தான் ரெண்டு வருஷம் ஆச்சு. பரவாயில்ல.”

பேனாவைத் திறந்து முதல் வரியை அடித்தார். இரண்டாவதையும் அடித்தார். மூன்றாவது வரியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“அக்கா, நான் ஒரு நாள்கூட முழங்கால் போடல.”